மாருதி 800-இல் ஆயில் லீக்: எஞ்சினை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. காலையில் வண்டியை எடுத்ததும் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடிப்பக்கம் நனைந்திருக்கிறது. ஒரு மெக்கானிக் "கிராங்க் பின் சீல் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும்" என்கிறார். கிராங்க் ஷாஃப்ட் கியர்பாக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான் அந்தப் பின் சீல். இன்னொருவர் "கெட்டி ஆயிலா ஊத்தி, லீக் அடைக்கிற மருந்து ஒரு டப்பா விடுங்க, நின்னுடும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேருமே அதற்கு முன்னால் இருக்கும் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டார்கள்: எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் ஆயில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அது பின் சீல்தான் என்று சொல்ல முடியுமா? முடியாது. இந்த எஞ்சினில் நிச்சயமாக முடியாது.

காரணம் இந்த எஞ்சினின் அமைப்பு. மாருதி 800-இல் இருப்பது சுசுகியின் எஃப்8பி, 796 சிசி, மூன்று சிலிண்டர். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மேலே ஹெட்டில், அதாவது சிலிண்டர்களின் தலைப்பகுதியில், இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர், ஒர்க்ஷாப்பில் டெல்கோ என்பார்களே அது, கேம் ஷாஃப்டின் கியர்பாக்ஸ் பக்க நுனியிலிருந்துதான் ஓடுகிறது. அதன் கழுத்தில் ஒரு ஓ ரிங் இருக்கும். இருபது வருட எஞ்சின் சூட்டில் அந்த ரப்பர் வட்டம் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் கண்ணாடி மாதிரி உடைகிற நிலைக்கு வந்துவிடும். அங்கிருந்து கசியும் ஆயில் ஹெட்டின் ஓரமாக இறங்கி, கியர்பாக்ஸ் தலையில் விழுந்து, பெல் ஹவுசிங் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடிக்கு வந்து சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அது பின் சீல் லீக் மாதிரியே தெரியும். ஓ ரிங் விலை இரண்டு டீ காசு. மாற்ற அரை மணி நேரம். பின் சீல் என்றால் கியர்பாக்ஸ் கழற்ற வேண்டும், ஒரு நாள் வேலை. அதனால்தான் மேலே பார்க்காமல் கீழே கை வைக்காதீர்கள் என்கிறேன். இன்னொன்று: பின் சீலே போயிருந்தாலும் இந்த வண்டியில் எஞ்சினை இறக்கத் தேவையில்லை. கிளட்ச் பிளேட் மாற்றக் கழற்றுவது போலக் கியர்பாக்ஸை மட்டும் இறக்கினால் போதும், சீல் கைக்கு எட்டும்.

முதலில் அது என்ன ஆயில் என்று உறுதி செய்யுங்கள். சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். எஞ்சின் ஆயில் பழுப்பிலிருந்து கறுப்பு வரை இருக்கும், லேசாகக் கருகிய வாடை. கியர் ஆயில் அதைவிடப் பிசுபிசுப்பு. கந்தக நெடி அடிக்கும், ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். கூலன்ட் என்றால் நிறத்திலேயே தெரியும், இனிப்பு வாடை வரும். ஏசி வண்டியின் அடியில் தண்ணீர் சொட்டுவது இயல்பு. தெளிவாக, எண்ணெயைவிட நீர்த்து, விரலில் வழுக்குகிற திரவம் டயரின் உள்பக்கத்தில் அல்லது பெடல்களுக்கு நேர் கீழே இருந்தால் அது பிரேக் ஆயில். அப்படியென்றால் நான் கீழே எழுதியிருப்பது எதையும் செய்ய வேண்டாம். வண்டியை அந்த இடத்தைவிட்டு ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

எஞ்சின் ஆயில்தான் என்று தெரிந்த பிறகு ஒரு அட்டைப் பரிசோதனை செய்யுங்கள், செலவே இல்லாதது. பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து இரண்டு துண்டாக்கிக்கொள்ளுங்கள். வண்டியை இருபது கிலோமீட்டராவது ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி, உடனே முதல் அட்டையை அடியில் தள்ளுங்கள். முன் பம்பரும் இரண்டு முன் சக்கரங்களும் எங்கே வருகின்றன என்று அட்டையில் பேனாவால் குறித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதை எடுத்துவிட்டு இரண்டாவது அட்டையைப் போட்டுக் காலை வரை விடுங்கள். எஞ்சின் ஓடாதபோது ஆயில் முழுவதும் கீழே சம்ப்பில், அதாவது எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில், இறங்கிவிடும். கிராங்க் சீல்களின் மையம் அந்த ஆயில் மட்டத்துக்கு மேலே இருப்பதால், நின்றிருக்கும் வண்டியில் சீல் வழியாகப் புதிதாக ஆயில் வர வழியில்லை. ஓடும்போது கசிந்து வெளியே ஒட்டிக்கொண்டிருப்பதுதான் நிறுத்தியதும் சொட்டி ஓயும். ஆகவே முதல் அட்டையில் நிறையவும் இரண்டாவதில் ஒன்றிரண்டு சொட்டும் இருந்தால் லீக் மேலே எங்கோ, அல்லது சீல், அல்லது அழுத்தத்தில் ஆயில் ஓடும் ஏதோ ஓர் இடம். இரண்டாவது அட்டையிலும் இரவு முழுக்க ஒரே சீராகச் சொட்டியிருந்தால் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக், சம்ப் பேக்கிங் (இணைப்பை அடைக்கும் பட்டை) என்று ஆயில் மட்டத்துக்குக் கீழே இருப்பவற்றைச் சந்தேகியுங்கள். வண்டி சரிவில் நின்றால் இந்தக் கணக்கு தப்பும். சமதளம் என்று சொன்னது அதனால்தான்.

அட்டையில் சொட்டுகளை எண்ணிப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. ஒரு மில்லி ஆயிலுக்கு ஏறத்தாழ இருபது இருபத்தைந்து சொட்டு. சிமெண்ட் தரையில் ஒரு சொட்டு பரவினால் ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகத் தெரியும். உள்ளங்கை அகலக் கறை என்பது ஒன்றிரண்டு மில்லிகூட இருக்காது. தரையைப் பார்த்துப் பயப்படுவதைவிட டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் கணக்கு வையுங்கள். ஞாயிறு காலை, வண்டி ஸ்டார்ட் ஆகும் முன், ஒரே இடத்தில் நிறுத்தி அளவு பாருங்கள். ஊற்றினால் எத்தனை மில்லி, ஓடோமீட்டரில் எத்தனை என்று எழுதி வையுங்கள். இந்த எஞ்சினில் மொத்தமே மூன்று லிட்டருக்கும் குறைவான ஆயில். அதில் அரை லிட்டர் குறைந்தாலே பெரிய விகிதம். ஆயில் குறைகிறது, ஆனால் தரையில் அவ்வளவு இல்லை என்றால் மிச்சம் எரிகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில், அல்லது இறக்கத்தில் கால் எடுத்து மறுபடி மிதிக்கும்போது, சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று பின்னால் வரும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி அளவு பார்க்காமல் இருக்காதீர்கள். அது அழுத்தத்தைக் காட்டும் விளக்கு, அளவைக் காட்டுவது இல்லை. ஓடும்போது அது எரிந்துவிட்டால் பக்கத்துப் பங்க் வரை போய்விடலாம் என்று நினைக்காமல் அந்த நொடியே எஞ்சினை அணைக்க வேண்டும். பேரிங்குகள் கெட சில நிமிடம் போதும்.

அடுத்தது கழுவுதல். பலர் விட்டுவிடும் இடம் இது. பத்து வருட அழுக்கும் ஆயிலும் சேர்ந்து கறுப்பு அப்பமாக ஒட்டிய எஞ்சினில் எந்த மெக்கானிக்காலும் லீக் எங்கே என்று சொல்ல முடியாது, சொன்னால் அது ஊகம். எஞ்சின் ஆறியதும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், காயில், ஏர் ஃபில்டர் வாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரால் கட்டுங்கள். டீசல் அல்லது எஞ்சின் டிகிரீசர் தொட்டு, பழைய பெயின்ட் பிரஷால் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். டைமிங் பெல்ட் கவர் பக்கம் எதையும் தெளிக்காதீர்கள். டீசல் பட்டால் பெல்ட் ரப்பர் ஊறும். சோப்புத் தண்ணீர் விட்டு மெதுவாக அலசி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் அடித்துக் கழுவினால் தண்ணீர் சீல் உதடுகளைத் தாண்டியும் மின் இணைப்புகளுக்குள்ளும் போகும், பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாத தலைவலி தனி.

காய்ந்த பிறகு, சந்தேகமுள்ள இணைப்புகளின் மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். ஹெட்டின் மேல்மூடியான டப்பெட் கவரின் விளிம்பு, டிஸ்ட்ரிபியூட்டர் அடிக்கழுத்து, பெட்ரோல் பம்ப் பொருந்தும் இடம், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஃபில்டர் கழுத்து, சம்ப் ஓரம் என்று ஒவ்வொன்றிலும். பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், பிறகு பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். வெள்ளையில் ஈரக்கோடு ஒன்று இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் மேல் நுனிதான் உங்களுக்கு வேண்டிய இடம். ஆயில் கீழே இறங்கும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே நனைந்த இடங்களிலேயே உயரத்தில் இருப்பதும் முன்னால் இருப்பதும்தான் மூலம், மற்றதெல்லாம் வழி. ஒரு நாளில் தெரியாவிட்டால் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். ஆயிலில் கலந்து ஊதா வெளிச்சத்தில் பார்க்கும் சாயமும் கிடைக்கிறது. மெல்லிய கசிவுக்கு அது நன்றாகவே உதவும், ஆனால் எஞ்சின் சுத்தமாக இருந்தால் பவுடரே பெரும்பாலும் போதும். வண்டிக்கு அடியில் போக வேண்டுமென்றால் ஜாக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இரண்டு பக்கமும் ஸ்டாண்ட், பின் சக்கரங்களுக்குக் கட்டை, பிறகுதான் தலையை உள்ளே கொண்டுபோக வேண்டும்.

இனி ஒவ்வோர் இடமாக. மேலிருந்து தொடங்கினால் டப்பெட் கவர் பேக்கிங். பழைய வண்டிகளில் முதலில் போவது இதுதான். ஆயில் வழிந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் சிக்னலில் நிற்கும்போது எண்ணெய் காயும் வாடை உள்ளே வரும், சில சமயம் லேசான புகையும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், சூடான மேனிஃபோல்ட் ஆயிலைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகக்கூடியது. பேக்கிங் மாற்றுவது நீங்களே செய்யக்கூடிய வேலை. கவரைக் கழற்றி, பள்ளத்திலிருக்கும் பழைய ரப்பரை முழுக்க எடுத்து, இரண்டு முகங்களையும் துணியால் ஆயில் இல்லாமல் துடையுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் அலுமினிய முகத்தில் கீறல் விழும், அந்தக் கீறலே அடுத்த லீக். ரப்பர் பேக்கிங்குக்குச் சுற்றிலும் அனபாண்ட் பசை தடவும் வழக்கம் தவறு. வழுக்கிக்கொண்டு இடம் மாறும். அரை வட்டமாக வளையும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு வைத்தால் போதும். நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றாக முறுக்குங்கள். இங்கே தேவைப்படும் முறுக்கம் 4 முதல் 5 நியூட்டன் மீட்டர்தான். குட்டை ஸ்பானரை இரண்டு விரலால் பிடித்து மணிக்கட்டால் திருப்பும் பலம். லீக் ஆகிறதே என்று இழுத்து முறுக்குவதில்தான் பேக்கிங் பிதுங்கிக் கவர் வளைகிறது. புதுப் பேக்கிங் போட்டும் நிற்கவில்லை என்றால் கவரைச் சமமான கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் வளைந்துவிட்டது.

டிஸ்ட்ரிபியூட்டர் ஓ ரிங்கைப் பற்றி விவரமாகவே சொல்கிறேன், உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் சுற்றிய விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஈரமாக வந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் பெயின்ட் பொட்டு வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பும் அது உட்காரும் கியர் கேஸும் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு கோடு கீறுங்கள். போல்ட்டைக் கழற்றி நேராக இழுத்தால் கியர் பல் சாய்வாக இருப்பதால் ரோட்டார் கொஞ்சம் திரும்பிக்கொண்டே வெளியே வரும். திரும்பி நின்ற இடத்தில் இரண்டாவது பொட்டு. இதற்குப் பிறகு எஞ்சினைச் சுற்றக் கூடாது, கியரில் போட்டு வண்டியைத் தள்ளவும் கூடாது. பழைய ஓ ரிங்கை எடுத்து, பள்ளத்தைத் துடைத்து, புதியதில் ஆயில் தடவிப் போடுங்கள். ரோட்டாரை இரண்டாவது பொட்டுக்கு வைத்து உள்ளே தள்ளினால் முதல் பொட்டில் வந்து உட்கார வேண்டும், கீறிய கோடும் சேர வேண்டும். கோடு சேர்ந்தாலும் டைமிங் லைட் வைத்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மூடிக்குள்ளேயே ஆயில் ஈரம் இருந்தால் அது ஓ ரிங் இல்லை, ஷாஃப்டைச் சுற்றியுள்ள உள் சீல். அதற்கு டிஸ்ட்ரிபியூட்டரையே பிரிக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். கியர் கேஸ் ஹெட்டோடு சேரும் முகத்தையும் அப்போதே தடவிப் பாருங்கள், அங்கேயும் கசியும்.

கார்புரேட்டர் வண்டியில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பும் ஹெட்டில்தான் பொருந்தியிருக்கிறது. அதன் பேக்கிங் காய்ந்தாலும் ஆயில் வழியும். அதைவிட முக்கியம் பம்ப்பின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம். அது கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு குறையாமல் ஏறுகிறது, ஆயிலில் பெட்ரோல் வாடை வருகிறது என்றால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பம்ப்பையும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். நீர்த்துப்போன ஆயில் எல்லாச் சீல்களிலும் கசியும், பேரிங்கையும் தின்னும்.

அழுத்தத்தில் ஆயில் ஓடும் இடங்கள் இரண்டு: பிரஷர் ஸ்விட்ச், ஃபில்டர். ஸ்விட்ச்சின் ஒயர் சொருகும் முனையிலேயே ஆயில் நின்றால் ஸ்விட்ச் உள்ளே போய்விட்டது, மாற்றுவது தவிர வழியில்லை. ஃபில்டர் லீக்கில் பெரும்பாலும் கைத்தவறுதான் காரணம்: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதைப் போட்டிருப்பார்கள். ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலோ சில கிலோமீட்டரிலோ மொத்த ஆயிலும் ரோட்டில் கொட்டும். பழைய வளையம் வந்துவிட்டதா என்று பார்த்து, முகத்தைத் துடைத்து, புது வளையத்தில் ஆயில் தடவி, தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று கையாலேயே முறுக்கினால் சரி.

கீழே டிரெயின் பிளக். ஒவ்வோர் ஆயில் மாற்றத்திலும் வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். நசுங்கி வேலை செய்யும் பொருள் அது, இரண்டாவது முறை நசுங்காது. வாஷர் மாற்றாமல் அழுத்தி முறுக்கிய வண்டிகளில் மரை போயிருக்கும். மரை போன பிளக்கில் டெஃப்லான் டேப் சுற்றுவது ஒரு மாதத்துக்கான வேலைதான்; பெரிய அளவில் மரை வெட்டி அதற்கேற்ற பிளக் போடுவது, அல்லது சம்ப்பை மாற்றுவது, இவைதான் நிற்கும். சம்ப் பேக்கிங்கைப் பொறுத்தவரை, சம்ப் மெல்லிய தகடு. முறுக்கி முறுக்கி ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் தகடு மேலே குமிழ்ந்திருக்கும். அதை விட்டுவிட்டு எத்தனை பேக்கிங் போட்டாலும் ஓட்டைகளுக்கு நடுவில் இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். சம்ப்பைக் கழற்றி, விளிம்பை இரும்புத் துண்டின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டிச் சமமாக்குவதுதான் பாதி வேலை. பசை போட்டு ஒட்டுவதானால் மூன்று மில்லிமீட்டர் தடிமனில் ஒரே கோடாக, போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாக வரும்படி போட வேண்டும். கூடுதலாகப் போட்டால் வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும், அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஒருநாள் அந்த ரப்பர் புழு உதிர்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் ஒட்டும், எஞ்சினுக்கு ஆயில் ஏறாது. லீக் அடைக்கப் போய் எஞ்சின் சிக்குவது இப்படித்தான். பசை போட்ட பிறகு ஓர் இரவாவது காயவிட்டுத்தான் ஆயில் ஊற்ற வேண்டும்.

பெல்ட் பக்கம் கேம் சீலும் கிராங்க் முன் சீலும் டைமிங் கவருக்குள் இருக்கின்றன. கவரின் அடி ஓரத்தில் ஆயில் கசிந்தால் கவரைத் திறந்து பெல்ட்டைப் பார்க்காமல் விடக் கூடாது. ஆயிலில் ஊறிய பெல்ட்டின் பல் மெத்தென்று ஆகித் தாவும் அல்லது உரியும். வண்டி நின்ற இடத்தில் நிற்கும். சீல் மாற்றும்போது பெல்ட்டும், பெல்ட் மாற்றும்போது சீல்களும் மாற்றுவதுதான் முறை, கழற்றும் கூலி ஒன்றே. புதுச் சீலைப் போடும் முன் ஷாஃப்டில் பழைய சீல் உரசிய இடத்தை நகத்தால் தடவச் சொல்லுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் அதே இடத்தில் உட்காரும் புதுச் சீல் சில மாதத்தில் கசியும். சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ உட்காரவைத்து உதடு புது இடத்தில் உரசும்படி செய்யலாம். சீலின் சுருள் கம்பி தெரியும் பக்கம் ஆயிலைப் பார்க்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவாமல் உலர்வாகப் போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே கருகும்.

இவற்றில் ஓர் இடம் மட்டும் கசிந்தால் அந்த இடத்தைச் சரிசெய்யலாம். மூன்று நான்கு இடங்களில் ஒரே சமயத்தில் கசிந்தால் பேக்கிங்கை மாற்றும் முன் பிரீதர் பைப்பைப் பாருங்கள். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் வாயு டப்பெட் கவரிலிருந்து பிரீதர் வழியாகப் போக வேண்டும். அந்தப் பைப்போ, அந்த வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வோ ஆயில் கசண்டால் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, எங்கெல்லாம் பலவீனமோ அங்கெல்லாம் ஆயிலைத் தள்ளும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கையை மேலே காட்டுங்கள். லேசான மூச்சு இயல்பு. புகையோடு குபுகுபுவென்று வந்தால் முதலில் பைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே வந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம்; கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்க வேண்டும். மூன்று சிலிண்டருக்குள் வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவைத் தாண்டக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ரிங் தேய்ந்த எஞ்சினில் சீல் மாற்றும் செலவு வீண். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் கசிவு கூடும். அளவு அதிகமாக இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மருந்து டப்பா விஷயம். இவற்றின் வேலை ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்வது. சூட்டில் இறுகிய சீல், ஆனால் கிழியாதது, என்றால் சில வண்டிகளில் கசிவு குறைவது உண்மை. எத்தனை மாதம் தாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. கிழிந்த உதடு, பள்ளம் விழுந்த ஷாஃப்ட், வளைந்த கவர், போன மரை, இவற்றில் எதையும் அது தொடாது. ஊர் வழக்கத்தில் எஞ்சின் ஆயிலோடு பிரேக் ஆயில் கலக்கச் சொல்வார்கள், அதைச் செய்யவே செய்யாதீர்கள்: ரப்பரை உப்பவைக்கும், அதோடு ஆயிலின் வழுவழுப்பையும் கெடுக்கும். 20டபிள்யூ-40 ஊற்றிக்கொண்டிருந்தவர் 20டபிள்யூ-50 ஊற்றுவதில் நம் ஊர் வெயிலுக்குத் தவறில்லை, சொட்டு கொஞ்சம் குறையும். அதற்கும் மேல் கெட்டியாகப் போனால் காலை ஸ்டார்ட்டில் மேலே கேம் வரை ஆயில் ஏறத் தாமதமாகும். சிந்தெட்டிக் ஆயில் லீக் உண்டாக்கும் என்று சொல்வதில் பாதிதான் உண்மை. இன்றைய சிந்தெட்டிக் சீலைச் சுருக்காது. பழைய கசண்டு அடைத்துக்கொண்டிருந்த ஓட்டையை அது கழுவித் திறந்துவிடும், அவ்வளவுதான்.

சொட்டுவது கியர் ஆயில் என்றால் பார்க்க வேண்டியவை டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இரண்டு பக்கச் சீல்கள், கியர் ராடு சீல், ஸ்பீடோமீட்டர் கேபிள் சேரும் இடம். இதற்கு விளக்கும் இல்லை, டிப்ஸ்டிக்கும் இல்லை என்பதால் எஞ்சின் லீக்கைவிட இதை அவசரமாகப் பாருங்கள். லெவல் பிளக்கைத் திறந்தால் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும்.

மேலே எல்லாம் உலர்ந்திருக்கிறது, சுத்தம் செய்து ஓட்டிய பிறகும் பெல் ஹவுசிங் அடி மட்டும் நனைகிறது, கிளட்ச்சும் ஏற்றத்தில் வழுக்குகிறது என்றால் பின் சீல் சந்தேகம் வலுவாகிறது. நீங்கள் அனுப்பிய படத்தையும் விவரத்தையும் வைத்து இதற்கு மேல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கியர்பாக்ஸ் கழன்றால்தான் தெரியும். அதனால் மெக்கானிக்கிடம் ஒன்றைப் பேசிவையுங்கள்: கியர்பாக்ஸ் இறங்கியதும், எதையும் துடைக்கும் முன், உங்களைக் கூப்பிட வேண்டும். கிளட்ச்சையும் ஃபிளைவீலையும் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபிளைவீலின் பின்பக்கம் மையத்திலிருந்து வெளியே கதிர் கதிராக ஆயில் சிதறியிருந்தால் கிராங்க் சீல்தான். மையம் உலர்ந்து ஹவுசிங்கின் மேல் விளிம்பு மட்டும் நனைந்திருந்தால் ஆயில் மேலிருந்து வந்திருக்கிறது. கியர்பாக்ஸ் பக்கம் ஈரமாக, கந்தக நெடியோடு இருந்தால் இன்புட் ஷாஃப்ட் சீல். கிராங்க் சீல் என்றால் சீல் பொருந்தும் ஹவுசிங்கின் பேப்பர் பேக்கிங்கையும் சேர்த்து மாற்றுங்கள், அந்த ஹவுசிங் சம்ப்போடு சேரும் இரண்டு மூலைகளிலும் ஒரு பொட்டுப் பசை வையுங்கள். புதுச் சீல் போட்டும் லீக் நிற்கவில்லை என்ற புகாரில் பாதி அந்த மூலைகள்தான். ஆயில் பட்ட கிளட்ச் பிளேட்டைப் பெட்ரோலில் கழுவித் திருப்பிப் போட வேண்டாம், புதியது போடுங்கள். ரிலீஸ் பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.